கோச்சுக்கு மார்க் போடுங்கள்: உங்கள் மூன்று வருடம் யார் கையில்?

ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் மூன்று வருடம். இன்ஜினீயரிங் என்றால் நான்கு. பாஸ்கெட்பால் ஆடி அதை வைத்து ஒரு வேலையைப் பிடிக்க நினைக்கும் பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளிடம் இருக்கும் மொத்த முதலீடு இவ்வளவுதான். அந்த முதலீட்டை நிர்வகிக்கப் போகிறவர் கல்லூரியின் கோச். பெரும்பாலான கல்லூரிகளில் 'பி.டி. சார்' அல்லது 'பி.டி. மேடம்'.

அட்மிஷனுக்கு முன் ஹாஸ்டல் சாப்பாட்டை விசாரிக்கிறோம். பஸ் ரூட்டை விசாரிக்கிறோம். ஃபீஸில் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்கிறோம். கோச்சைப் பற்றி மட்டும் 'நல்ல சார்ப்பா, நிறைய கப் வாங்கியிருக்கார்' என்ற ஒரு வரியில் திருப்திப்பட்டுவிடுகிறோம். அந்த வரி போதாது. கப்புக்குப் பின்னால் பிளேயரின் திறமை, நிர்வாகத்தின் பணம், எதிரணியின் பலவீனம் எல்லாமே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவரிடம் வந்து சேர்ந்த பிள்ளை, வெளியே போகும்போது எவ்வளவு தேறியிருக்கிறது?

இது ஏன் வேலை சம்பந்தப்பட்ட கேள்வி? தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை ஆகியவை பாஸ்கெட்பால் அணிகளை வைத்திருக்கின்றன. இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்தான். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சான்றிதழுக்கு வரிசை உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்குப் படிவம் 4. மாவட்டப் போட்டியில் வாங்கிய சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அந்த வரிசையில் அதற்கு இடமில்லை. ஆக, கல்லூரி பிளேயரின் முதல் டார்கெட் படிவம் 3. இந்த இரண்டு மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளில் படிப்பவர் பாரதிதாசன் பல்கலைக்கழக ஜெர்சியைப் போட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் இன்ஜினீயரிங் படிப்பவர் அந்தப் பல்கலைக்கழக ஜெர்சியைப் போட வேண்டும். உங்களை அதுவரை கொண்டுபோகும் திறன் கோச்சுக்கு இருக்கிறதா? பார்த்துவிடலாம்.

1. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஒப்பிடுங்கள்

ஸ்டேட் பிளேயர்களை இலவச சீட் கொடுத்து அள்ளி வந்து கப் ஜெயிப்பது ஒரு திறமை. அதற்குப் பெயர் ரெக்ரூட்மென்ட். காலேஜுக்கு வந்த பிறகுதான் பந்தை ஒழுங்காகப் பிடித்த பையனைப் பல்கலைக்கழக அணித் தேர்வு வரை கொண்டுபோவது கோச்சிங். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

பெரம்பலூரில் மாணவிகளுக்கும் அரியலூரில் மாணவர்களுக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. எந்த விளையாட்டு என்றாலும், விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு உடல் தகுதியும் ஒழுங்கும் ஏற்கெனவே இருக்கும். வேப்பந்தட்டைப் பக்கமோ செந்துறைப் பக்கமோ ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வருபவர் பூஜ்யத்தில் தொடங்குவார். இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி அளக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: ஃபைனல் இயர் சீனியர்கள் மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடியுங்கள். 'ஃபர்ஸ்ட் இயரில் உங்களால் முடியாத எதை இப்போது செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இடது கை லே-அப், பாக்ஸ் அவுட், ஹெல்ப் டிஃபென்ஸ் என்று குறிப்பாகச் சொன்னால் கோச் வேலை செய்கிறார். 'நிறைய கத்துக்கிட்டோம்' என்று பொதுவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

2. ரிசல்ட்டை மூன்று சீசன் சேர்த்துப் படியுங்கள்

ஒரு சீசன் ரிசல்ட் எதையும் நிரூபிக்காது. நல்ல பேட்ச் ஒன்று அமைந்தால் யாரும் ஜெயிக்கலாம். முதல் வருடம் இருபது பாயின்ட்டில் தோற்ற அணியிடம் மூன்றாவது வருடம் நாலு பாயின்ட்டில் தோற்றார்களா? அது முன்னேற்றம். பலவீனமான அணிகளை மட்டுமே வைத்து நடத்தும் லோக்கல் டோர்னமென்ட்டில் வருடா வருடம் முதல் பரிசா? அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

பாரதிதாசன் பல்கலைக்கழகப் போட்டி என்றால் திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை என்று பல மாவட்டக் கல்லூரிகள் வரும். செயின்ட் ஜோசப், நேஷனல் போல நூறு வருடத்துக்கு மேல் பழமையான திருச்சிக் கல்லூரிகளோடு மோத வேண்டியிருக்கும். அங்கே இரண்டாவது ரவுண்டு தாண்டுவது, உள்ளூரில் வாங்கும் பத்துக் கோப்பைகளைவிடக் கனமானது.

உலகத்தின் மிகப் பெரிய கல்லூரி கோச் என்று பலர் சொல்லும் ஜான் வுடன், அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ.வுக்குப் பத்து தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார், பன்னிரண்டு வருடத்தில். ஆனால் முதல் பட்டம் 1964இல் வந்தபோது அவர் அங்கே பதினாறாவது சீசனில் இருந்தார். பட்டத்தை மட்டும் எண்ணும் நிர்வாகம் அவரைப் பத்தாவது வருடமே வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

3. நான்கு நம்பர் எடுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, கேலரியில் ஓர் இடம் போதும். டீன் ஆலிவர் என்ற புள்ளியியல் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட புத்தகத்தில் பாஸ்கெட்பால் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்தார்: ஷூட்டிங், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம்.

இவற்றில் கோச்சின் கைவண்ணம் சீக்கிரம் தெரிவது டர்ன்ஓவரிலும் ஃப்ரீ த்ரோவிலும். உயரத்தை யாரும் ஊட்டிவிட முடியாது. பந்தைத் தொலைக்காமல் பாஸ் செய்வதைச் சொல்லித்தரலாம். ஃப்ரீ த்ரோவில் எதிரே தடுக்க ஆளே இல்லை. வளையம் எப்போதும் 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஜூலையில் நூற்றுக்கு ஐம்பது போட்ட அணி ஜனவரியிலும் ஐம்பதே போட்டால், நடுவில் ஆறு மாதம் என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒரு அணிக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஷாட் முயற்சிகளோடு டர்ன்ஓவரைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கிச் சேருங்கள். அஃபென்ஸிவ் ரீபவுண்டைக் கழியுங்கள். உதாரணத்துக்கு 60 ஷாட், 19 டர்ன்ஓவர், 25 ஃப்ரீ த்ரோ, 10 அஃபென்ஸிவ் ரீபவுண்ட் என்றால் 80 வாய்ப்பு. அதில் 60 பாயின்ட் எடுத்தால் ஒரு வாய்ப்புக்கு 0.75. சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் இந்த எண்ணை எடுத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் கோச் ஜெயிக்கிறார், ஸ்கோர்போர்டு என்ன சொன்னாலும்.

4. பிராக்டிஸை ஸ்டாப்வாட்ச்சோடு பாருங்கள்

மேட்ச் நாளில் எல்லா கோச்சும் சுறுசுறுப்பு. சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்குப் போய் நில்லுங்கள். ஒரே ஒரு பிளேயரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் அவர் கையில் பந்து, எத்தனை நிமிடம் ஓட்டம், எத்தனை நிமிடம் வரிசையில் நின்று வேடிக்கை என்று குறியுங்கள். பதினைந்து பேர், ஒரு பந்து, ஒரே வரிசை என்றால் கோச் திட்டம் போடாமல் வந்திருக்கிறார்.

வுடன் ஒவ்வொரு பிராக்டிஸையும் நிமிடக் கணக்கில் சிறிய அட்டையில் எழுதி எடுத்துவருவார். உங்கள் பி.டி. சாரிடம் அட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. இன்று என்ன டிரில், எதற்காக, நேற்றைய மேட்சோடு அதற்கு என்ன தொடர்பு என்ற மூன்று கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். வார்ம்-அப்பாக ரெண்டு ரவுண்டு ஓடிவிட்டு, 'டீம் பிரிச்சு ஆடுங்கப்பா' என்று சொல்லிவிட்டு அவர் போனுக்குள் போய்விட்டால், அங்கே நடப்பது பொழுதுபோக்கு.

5. வாயைக் கவனியுங்கள்

1974-75 சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வுடனின் பதினைந்து பிராக்டிஸ்களில் உட்கார்ந்து, அவர் சொன்னது செய்தது எல்லாவற்றையும் வகை பிரித்தார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். ஏறக்குறைய முக்கால் பங்கில் கற்பித்தல் இருந்தது: எதை, எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல். பாராட்டு சுமார் 7 சதவீதம். கண்டிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதை வைத்து நீங்களும் பத்து நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். 'முட்டாள், என்னடா ஆடுற' என்பதில் தகவல் எதுவும் இல்லை. 'சூப்பர்டா' என்பதிலும் அதிகமில்லை. 'பந்து வரும்முன்னே முழங்காலை மடக்கு, உள்ளங்கை பந்தைப் பார்க்கட்டும்' என்பதில் தகவல் இருக்கிறது. கத்துகிற கோச் எல்லாரும் மோசமில்லை, சிரிக்கிற கோச் எல்லாரும் நல்லவரில்லை. அவர் வாயிலிருந்து வருவது அடுத்த தடவை உங்களுக்கு உதவுமா என்பதுதான் அளவுகோல்.

6. டைம்-அவுட் டெஸ்ட்

சர்வதேச விதிப்படி முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று டைம்-அவுட். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கோச் நேரடியாக ஆட்டத்துக்குள் நுழையும் நேரம் அதுதான்.

மூன்றைப் பாருங்கள். எதிரணி தொடர்ந்து எட்டு பாயின்ட் போடும்போது டைம்-அவுட் எடுத்தாரா, பதினாறு ஆன பிறகு எடுத்தாரா? அந்த நிமிடத்தில் ஒன்றோ இரண்டோ தெளிவான விஷயம் சொன்னாரா, பத்து விஷயம் கொட்டினாரா? டைம்-அவுட் முடிந்த அடுத்த அட்டாக்கில் பிளேயர்கள் அவர் சொன்னதைச் செய்தார்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் மிக முக்கியம். ஷாட் விழாமல் போகலாம். சொன்ன இடத்தில் சொன்ன ஆள் நின்றாரா என்று பாருங்கள்.

ஃபவுல் கணக்கையும் கவனியுங்கள். ஐந்தாவது ஃபவுலில் பிளேயர் வெளியேற வேண்டும். மெயின் பிளேயர் மூன்றாவது குவார்ட்டரிலேயே நாலு ஃபவுலோடு களத்தில் நின்றால் பெஞ்சில் யாரோ தூங்குகிறார்.

7. யார் நிலைக்கிறார்கள், யார் விலகுகிறார்கள்?

ஃபர்ஸ்ட் இயரில் பதினெட்டுப் பேர் சேர்ந்து, தேர்டு இயரில் ஐந்து பேர் மிச்சமிருந்தால் காரணத்தைத் தேடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்மித், ஸ்மால் குழுவினர் சிறுவர் பேஸ்பால் கோச்களை வைத்துச் செய்த ஆய்வு 1992இல் வந்தது. பிள்ளைகளிடம் பேசும் முறையில் பயிற்சி பெற்ற கோச்களிடமிருந்து அடுத்த சீசனில் விலகியவர்கள் 5 சதவீதம். பயிற்சி பெறாதவர்களிடமிருந்து விலகியவர்கள் 26 சதவீதம்.

நம்மூரில் இன்னொரு காரணமும் சேரும்: கடைசி பஸ். வேப்பூரிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் வந்து போகிற பிள்ளைக்கு ஆறு மணி பஸ்ஸை விட்டால் வீடு சேர வழி இல்லை. நல்ல கோச்சுக்குத் தன் பிளேயர்களின் பஸ் டைம் தெரியும். அதற்கேற்பக் காலை பிராக்டிஸைக் கூட்டி மாலையைக் குறைப்பார். தெரியாத கோச், 'ஒழுங்கா வரமாட்டேங்கறான்' என்று பெயரை அடித்துவிடுவார்.

8. உடம்பும் பாதுகாப்பும்: இதில் பாஸ் அல்லது ஃபெயில்

பாஸ்கெட்பாலில் அதிகம் அடிபடுவது கணுக்கால். பெண்களுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிட அதிகம். சிமென்ட் தரையில் ஆடும் நம் பிள்ளைகள் சரியாக வார்ம்-அப் செய்ய வேண்டும், சரியாகக் குதித்து இறங்கப் பழக வேண்டும். ஏப்ரல் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு ஓடவிடும் கோச்சும், சுளுக்குப் பிடித்த காலோடு 'அட்ஜஸ்ட் பண்ணி ஆடு' என்கிற கோச்சும் உங்கள் கரியருக்கு ஆபத்து.

பெண் பிளேயர்களும் பெற்றோரும் கட்டாயம் கேளுங்கள்: வெளியூர் போட்டிக்குப் பெண் ஆசிரியர் கூட வருகிறாரா? தங்குமிடம் யார் பொறுப்பு? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சலாகும் கோச்சிடம் சேராதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் அவர் நூறு வாங்கினாலும் சரி.

9. டிகிரியும் பேப்பரும்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணிக் கோச் பேட் சம்மிட் 1,098 மேட்ச் ஜெயித்தவர். அதைவிடப் பெரிய சாதனை இன்னொன்று: அவரிடம் முழுக் காலமும் ஆடிய ஒவ்வொரு பிளேயரும் பட்டம் வாங்கினார்.

இங்கே கேட்க வேண்டியது: போன பேட்ச்சில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. லெட்டரைக் கோச் நேரத்தில் வாங்கிக் கொடுக்கிறாரா? பல்கலைக்கழக அணித் தேர்வு தேதியை முன்கூட்டியே சொல்கிறாரா? படிவம் 3இல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் கையெழுத்து வாங்க அலைவது யார், அவரா பிளேயரா? கோர்ட்டில் கெட்டிக்காரராக இருந்து பேப்பரில் சோம்பேறியாக இருக்கும் கோச்சால் வேலை இழந்தவருக்கு அடுத்த சீசன் கிடையாது.

10. அவர் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்

நம் பகுதியில் ஒரே பி.டி. கபடி, வாலிபால், அத்லெட்டிக்ஸ், பாஸ்கெட்பால் எல்லாவற்றையும் பார்ப்பார். எக்ஸாம் டியூட்டியும் இருக்கும். ஆறு பந்து, ஒரு சிமென்ட் கோர்ட், பட்ஜெட் இல்லை. அப்படிப்பட்டவர் மூன்று வருடத்தில் ஒரு பிளேயரைப் பல்கலைக்கழக அணிக்குள் நுழைத்தால், எல்லா வசதியும் உள்ள கோச் ஐந்து பேரை நுழைப்பதற்குச் சமம்.

படிப்பையும் பாருங்கள், அதோடு நிற்காதீர்கள். 1891இல் பாஸ்கெட்பாலைப் பெற்றெடுத்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியையும் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் தமிழகம் முழுக்க இருக்கிறார்கள். எம்.பி.எட். கல்லூரி வேலைக்கான தகுதி. பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் கோச்சிங் தகுதி. இரண்டும் இருந்தால் நல்லது. சான்றிதழ் வாங்கி இருபது வருடம் கழித்தும் புதிய விதி தெரிந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். அஃபென்ஸிவ் ரீபவுண்டுக்குப் பிறகு ஷாட் கிளாக் 14 நொடிக்குத்தான் திரும்பும் என்று தெரியாமல் 24 நொடிக்கு ஆட்டம் சொல்லித்தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மார்க் ஷீட்

இப்போது கூட்டுங்கள். பிளேயர் வளர்ச்சி 30. பிராக்டிஸ் தரமும் கற்பிக்கும் பேச்சும் 20. மேட்ச் நிர்வாகம் 15. படிப்பும் சான்றிதழும் 15. பிளேயர்கள் நிலைப்பது 10. ரிசல்ட் 10. பாதுகாப்புக்கு மார்க் இல்லை; அதில் ஃபெயில் என்றால் மொத்தமும் ஃபெயில். 60க்குக் கீழே வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். வேறு வழியில்லாமல் அங்கேயே சேர்ந்தால், குறையும் பகுதியை நீங்களே நிரப்பத் திட்டம் போடுங்கள்: காலையில் தனியாக நூறு ஃப்ரீ த்ரோ, திருச்சி கிளப் மேட்ச்கள், முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவு.

நீங்களே கோச் வேலைக்குப் போகிறவரா?

இதே மார்க் ஷீட்டை உங்கள் மீது போடுங்கள். உடற்கல்வி முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் யு.ஜி.சி. விதிப்படி கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு உங்களைக் காப்பாற்றுவது ரெக்கார்ட்.

முதல் நாளே எல்லா பிளேயருக்கும் டெஸ்ட் வையுங்கள்: ஃப்ரீ த்ரோ, ஸ்பிரின்ட், இடது கை லே-அப். எக்செலில் ஏற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள். மேட்சை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். சீசன் முடிந்ததும் பிரின்சிபாலுக்கு ஒரு பக்க ரிப்போர்ட் கொடுங்கள்: தொடக்கம், முடிவு, பல்கலைக்கழக அணிக்குப் போனவர், வேலைக்குப் போனவர். கப் இல்லாத வருடத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு பக்கம்தான். அடுத்த இன்டர்வியூவில் 'நான் கடினமாக உழைப்பேன்' என்று பத்துப் பேர் சொல்வார்கள். 'என் அணியின் ஃப்ரீ த்ரோவை இவ்வளவிலிருந்து இவ்வளவுக்கு உயர்த்தினேன்' என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சீட் உங்களுக்கு.

பிளேயராக இருந்தாலும் கோச்சாக இருந்தாலும் போட்டி கடுமையானது. 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு மாநிலம் முழுக்க ஆட்கள் ஓடுகிறார்கள். பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கப் பத்துக் கோச், உங்களுக்கு இரண்டோ மூன்றோ. அதனால்தான் உங்கள் தேர்வில் தவறு நடக்கக் கூடாது. ஜூன் மாதம் அட்மிஷன் ஃபார்ம் வாங்கும் முன், ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அந்தக் கல்லூரி கோர்ட்டுக்குப் போங்கள். நோட்டும் ஸ்டாப்வாட்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.